நீச்சல் வகுப்பில் எந்தப் பிள்ளையும் வெளியேற்றப்படக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை நெருங்கும்போது கொழும்பில் பெற்றோர் பலர் பிள்ளைகளை நீச்சல் வகுப்புகளில் சேர்க்கிறோம். அவற்றுள் சிலவற்றில், நீருக்குப் பழகும் முன்னரே யார் மறுகரையை முதலில் தொடுவது என்ற போட்டி தொடங்கிவிடுவதும், தோற்றவர் தடாக விளிம்பில் அமர்த்தப்படுவதும் மிகுந்த கவலை தருகின்றன. அதிக நேரம் நீரில் இருக்க வேண்டிய பிள்ளையே இதனால் முதலில் வெளியேறுகிறது.

ஆரம்ப வகுப்புகளுக்கு ஏற்றவை எல்லோரும் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளே. நெஞ்சளவு நீரில் பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்து ஒரே திசையில் விரைந்து நடந்தால், சிறிது நேரத்தில் நீரும் சுழலத் தொடங்கும். அப்போது கைகளை விட்டுக் கால்களை உயர்த்தினால் அவர்களே உண்டாக்கிய நீரோட்டம் அவர்களைச் சுமந்து செல்லும், திரும்பி எதிர்த்திசையில் நடக்க முயன்றால் ஓடும் நீரின் வலிமையை உடலே உணர்ந்துகொள்ளும். தனியொருவரால் இந்தச் சுழற்சியை உண்டாக்க முடியாதாகையால், பயந்து மெதுவாக நடப்பவரும் இங்கு தேவைப்படுகிறார். சிறிய பந்தொன்றைக் கையால் தொடாமல் எல்லோருமாக ஊதி மறுகரை சேர்ப்பதும், மல்லாந்து மிதப்பவரின் தோள்களை இருவர் தாங்கிப் பிடிப்பதும் இத்தகையனவே.

மூச்சடக்கும் போட்டியை அறவே கைவிட வேண்டும். வெல்வதற்காகப் பலமுறை வேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்கும்போது உடலில் காபனீரொட்சைட்டு குறைவதால், மூச்சுவிடும் உந்துதல் எழுவதற்கு முன்னரே ஒட்சிசன் குறைந்து நினைவிழக்க நேரிடலாம். நன்றாக நீந்துபவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலுடன் பாதுகாப்பான மீட்பு முறைகளையும் கற்பிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மூடிய வெற்றுப் போத்தலைக் கயிற்றில் கட்டி எறிந்து, அதைப் பற்றும் நண்பரைக் கரையிலிருந்தே குழுவாக இழுத்தெடுக்கும் விளையாட்டு, தத்தளிப்பவரைக் கண்டதும் தானும் குதிக்காதிருக்கப் பழக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் வெள்ளவத்தை, தெஹிவளைக் கரையோரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இது நீச்சலைவிடவும் முந்தித் தேவையான பாடம் என்பது என் உறுதியான கருத்து.

பயிற்றுநர்களும் பாடசாலை அதிபர்களும் ஆரம்ப வகுப்பின் முதல் மாதத்தையாவது இவற்றுக்கு ஒதுக்கி, நிறுத்தற் கடிகாரத்தை அதன் பின்னரே கையிலெடுக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெற்றோர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.