தனி ஆல்பத்துக்கு யார் புரொட்யூசர்? மார்த்தாண்டத்து ராக் பாடகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ தனி ஆல்பம் போடப்போகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அதற்கு யார் புரொட்யூசர் என்று குழித்துறை முதல் பாறசாலை வரைக்கும் உன் ரசிகர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். கொச்சியில் ராக் பேண்டுகளை ரெக்கார்ட் செய்து கைதேர்ந்தவரிடம் கொடு என்கிறது ஒரு கூட்டம். சென்னையில் சினிமாப் பாட்டுக்கு புரோகிராமிங் செய்கிறவர்தான் உன்னை ஊர் தாண்டிக் கொண்டுபோவார் என்கிறது இன்னொன்று. உன் பேண்டின் கிட்டாரிஸ்டே போதும், அவருக்குத்தான் உன் குரல் தெரியும் என்பவர்களும் உண்டு. எல்லாரும் உன்மேல் உள்ள பிரியத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் பேச்சு முழுக்க யாருடைய சவுண்ட் நல்லது என்பதிலேயே சுற்றுகிறது. சவுண்டைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம் தம்பி. ரெக்கார்டிங் எஞ்சினியர் தனி ஆள், மிக்ஸ் செய்கிறவர் தனி ஆள், இருவரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாட்டின் சுருதியை மாற்று, இரண்டாம் சரணத்தை வெட்டு, தொண்டை களைத்துவிட்டது இன்றைக்கு வீட்டுக்குப் போ என்று உன் முகத்துக்கு நேரே சொல்லத் துணிகிறவர் யாரோ, அவர்தான் புரொட்யூசர், அவரைத்தான் நீ முதலில் தேட வேண்டும்.

ரிக் ரூபினையும் ஸ்டீவ் ஆல்பினியையும் ஒரே மூச்சில் பெரிய புரொட்யூசர்கள் என்கிறோம். ரூபின் பெரும்பாலும் மிக்ஸர் பக்கமே போகமாட்டார். பாட்டைக் கேட்டு, எது தேவை, எது வேண்டாம் என்று சொல்வதே அவர் வேலை. ஆல்பினி அதற்கு நேர் எதிர். மைக் வைப்பதில் மன்னன், ஆனால் பேண்டின் பாட்டில் தலையிடாமல் இருப்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். 1993இல் நிர்வாணா பேண்டின் ‘இன் யூட்டெரோ’ ஆல்பத்தை ராயல்டி வேண்டாம் என்று சொல்லி ஒரே தொகைக்குச் செய்து கொடுத்தார். பாட்டெல்லாம் தயாராக இருக்கிற பேண்டுக்கு ஆல்பினி போன்றவர் போதும். உன்னிடம் இருப்பது செல்போனில் பாடி வைத்த எட்டு மெட்டுகள். உனக்கு வேண்டியது முதல் வகை ஆள்.

இதற்கு நல்ல பாடம் சவுண்ட்கார்டன் பேண்டின் பாடகர் கிறிஸ் கார்னெலின் தனி ஆல்பங்கள். 1999இல் முதலாவதை அலைன் ஜொஹனஸ், நடாஷா ஷ்னைடர் இருவரோடும் சேர்ந்து செய்தார். அவர்கள் கூட உட்கார்ந்து பாட்டும் எழுதினார்கள், வாத்தியமும் வாசித்தார்கள். 2007இல் ஸ்டீவ் லில்லிவைட், 2009இல் ஹிப்ஹாப் புரொட்யூசர் டிம்பலாண்ட், 2015இல் பிரெண்டன் ஓ'பிரையன். தொண்டை ஒன்றுதான், ஆல்பம் நான்கும் நான்கு விதம். டிம்பலாண்டின் பீட் மேல் அந்தக் குரல் ஒட்டாமல் கிடக்கிறது. பீட் மோசமானது என்பதால் இல்லை. இழுத்து, கீறி, பின்வாங்கிப் பாடுகிற குரலுக்கு அந்தக் கட்டங்களுக்குள் இடம் விடவில்லை. ஓ'பிரையன் 1994இலேயே சவுண்ட்கார்டனின் ‘சூப்பர்அன்னோன்’ ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர், அந்தத் தொண்டையை அறிந்தவர். 2015இல் பெரும்பாலும் அகூஸ்டிக் கிட்டாரோடு நிறுத்திக் குரலை முன்னால் விட்டார். என் காதுக்கு முதலாவதும் கடைசியும்தான் நிற்கின்றன.

கிட்டாரிஸ்ட் கட்சிக்காரர்கள் அயர்ன் மெய்டன் பேண்டின் பாடகர் புரூஸ் டிக்கின்சனைக் காட்டுவார்கள். நியாயமான எடுத்துக்காட்டுதான். கிட்டாரிஸ்ட் ராய் ஸீ கூட எழுதி, 1997 முதல் புரொட்யூசராகவும் இருந்த பிறகுதான் அவருடைய தனி ஆல்பங்களுக்கு ஒரு முகம் வந்தது. ஆனால் ராய் ஸீ, அயர்ன் மெய்டன் ஆள் இல்லை. அந்தக் குரலை வெளியிலிருந்து புதிதாகக் கேட்டவர். உன் பேண்டின் கிட்டாரிஸ்ட் உன்னை ஐந்து பேரில் ஒருவனாகக் கேட்டே பழகியவர். ஒலியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டிஸ்டார்ஷன் கிட்டார் அடைத்துக்கொள்ளும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில்தான் பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்க வேண்டும். ஒரே பகுதியை இருமுறை வாசித்து இடம் ஒன்று வலம் ஒன்றாகத் தள்ளிவிட்டால் நடு காலியாகிக் குரலுக்கு இடம் கிடைக்கும். கிட்டாரிஸ்டே மிக்ஸர் மேசையில் உட்கார்ந்தால், மூன்றாவதாக ஒரு கிட்டாரை நடுவில் வைக்கும் ஆசை எப்படியும் வரும். அப்புறம் குரலை ஏற்ற, கிட்டாரை ஏற்ற, கடைசியில் எல்லாமே இரைச்சல். அவரை வாசிக்கக் கூப்பிடு, மேசையைக் கொடுக்காதே.

உன் பாட்டிலிருந்தே ஒன்றை எடுத்துப் பார்ப்போம். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவரைப் பற்றிய அந்தப் பாட்டு. கானமேளா மேடையில் கிட்டார்களை அரைச் சுரம் இறக்கி ட்யூன் செய்து, ஈ ஃபிளாட் சுருதியில் பாடுகிறாய். பல்லவியின் உச்சி மேல் ஸ்தாயி பி ஃபிளாட். சரணம் அதற்கு இரண்டு ஸ்தாயி கீழே இறங்குகிறது. மேடையில் ஒரு முறை பாடிவிட்டுப் போகலாம். ஸ்டூடியோவில் அதே உச்சியை ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு முறை தொட வேண்டியிருக்கும். நான்காவது டேக்கிலேயே குரல் தேயத் தொடங்கும். சரி, ஒரு முழுச் சுரம் இறக்கி டி ஃபிளாட்டுக்குப் போனால்? பல்லவி சுகமாகிவிடும், சரணமோ பேஸ் கிட்டாருக்கு அடியில் முணுமுணுப்பாகப் புதைந்துபோகும். சவுண்ட் மட்டும் தெரிந்தவர் இங்கே ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கம்ப்ரஸரைப் போட்டுச் சரணத்தைத் தூக்கப் பார்ப்பார். மூச்சும் அறையின் இரைச்சலும்தான் கூடும். புரொட்யூசர் என்றால், சுருதியை இறக்கிவிட்டு சரணத்தின் மெட்டை மட்டும் மேலே ஏற்றி எழுது என்பார். இந்த ஒரு முடிவுக்கு எந்தக் கருவியும் ஈடாகாது.

அதே பாட்டில் இன்னொன்று. பல்லவியில் நீட்டி நிற்கிற கார்வை ‘இருட்டு’ என்ற சொல்லில் விழுகிறது. குறுகி ஒலிக்கிற குற்றியலுகரத்தில் நின்று கார்வை கொடுக்க முடியாது. இழுத்தால் ‘இருட்டூ’ என்று ஆகும், மேல் ஸ்தாயியில் உதடு குவியும், தொண்டை நெரியும். ‘இருட்டே’ என்று விளித்துப் பார். வாய் திறக்கிறது, குரல் பாய்கிறது. ஆகாரம், ஏகாரம், ஓகாரத்தில் முடிகிற சொற்களை உச்சியில் வைத்துக்கொள்வது நம் மொழியில் ராக் பாடுகிறவனுக்கு அடிப்படை. தமிழ் காதில் ஏறாத ஒருவர், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், இதை உனக்குச் சொல்ல முடியாது. நம் எல்லைப்புறத்துக்கு இது ஒரு வசதி: திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ உள்ளவருக்கும் நம் பேச்சு ஓரளவு காதில் ஏறும்.

உச்சரிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சினிமாவுக்கு வேலை செய்கிறவர் உன் குமரித் தமிழைப் பொதுத் தமிழாக இழைத்துவிடப் பார்ப்பார். விடாதே. கேரளத்தின் அவியல் பேண்ட் 2008இல் போட்ட முதல் ஆல்பத்தில் நாட்டுப்பாட்டு உச்சரிப்பை மழுப்பாமல் அப்படியே கிட்டாருக்கு எதிரே நிறுத்தினார்கள். அந்தத் துணிச்சல்தான் அதை இன்றைக்கும் கேட்க வைக்கிறது.

இனி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? பெயரை வைத்து வேண்டாம், ஒரே பாட்டை கொச்சிக்காரர், சென்னைக்காரர் இரண்டு பேரிடமும் கொடு. உன் குரலும் ஒரு கிட்டாரும் மட்டும் இருக்கிற செல்போன் பதிவைக் கொடு. பேண்ட் வாசிக்கிற வடிவத்தைக் காட்டாதே, காட்டினால் அதையே திருப்பித் தருவார்கள். இரண்டு வாரம் தவணை. கட்டாயம் பணம் கொடு. இலவசமாகக் கேட்டால் பழைய டெம்ப்ளேட்டில் உன் குரலை ஒட்டித்தான் வரும். திரும்பி வர வேண்டியவை: பாட்டின் அமைப்பு, சுருதி, வேகம், ஒரு கச்சா டெமோ.

டெமோவுக்கு முன்பே பாதி தெரிந்துவிடும். வரிகளை எழுதி அனுப்பச் சொன்னாரா? உன் உச்சி எது, தாழ்வு எது என்று கேட்டாரா? நிமிடத்துக்கு 92 அடியில் இருக்கிற பாட்டை 88இலும் 95இலும் பாடிக் காட்டச் சொன்னாரா? எதுவுமே கேட்காமல் நாற்பது டிராக் ஸ்ட்ரிங்ஸும் சின்த்துமாக அனுப்பினால் அந்தக் கதவை மூடிவிடு. இரண்டையும் ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்கிக் கேள், இது முக்கியம். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிக்கிற டெமோகூட நல்லதுபோலத் தோன்றும், பலரும் ஏமாறுவது இதில்தான். லவுட்னெஸ் மீட்டரில் இரண்டையும் ஒரே அளவுக்கு இறக்கி, காரிலும் செல்போன் ஸ்பீக்கரிலும் போட்டுக் கேள். முதல் தடவையிலேயே சொற்கள் புரிகிறதா என்று வீட்டில் பெரியவர்களிடம் கேள்.

சென்னைக்காரர்தான் தேறினார் என்றால் ஒரே ஒரு நிபந்தனை வை: டிரம்ஸ் ஆள் வாசித்ததாக இருக்க வேண்டும். முன்பே பதிந்து வைத்த சாம்பிள் டிரம்ஸை நூற்றுக்கு நூறு கம்ப்யூட்டரின் தாளக் கட்டமான கிரிட்டில் உட்கார வைத்தால், பீட்டுக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பாடுகிற உன் பாணி தாளம் தப்புகிற மாதிரிக் கேட்கும். உடனே உன் குரலையும் வெட்டிக் கிரிட்டில் ஒட்டுவார்கள். சுருதி திருத்துவதிலும் அப்படித்தான். வேகமாக இழுத்துப் பிடிக்கிற அமைப்பில் உன் வழுக்கல்களும் கமகமும் படிக்கட்டாகிவிடும். கொச்சிக்காரர் என்றால் இந்தத் தொல்லைகள் குறைவு, ஆனால் எல்லா ஆல்பமும் அவர் சொந்த பேண்ட் மாதிரியே ஒலிக்கிற ஆபத்து உண்டு. சினிமா வேலை குறுக்கே வந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். தேதியை எழுதி வாங்கு. இரண்டு டெமோவும் சமம் என்றால் நான் கொச்சிப் பக்கம்தான் சாய்வேன்.

டிரம்ஸுக்கு மூன்று நாள் ஒதுக்கு. முதல் நாள் முழுக்கத் தோல் மாற்றவும், ட்யூன் செய்யவும், மைக் வைக்கவும் போகும், அது வீண் இல்லை. மேலே தொங்குகிற இரண்டு மைக்கும் ஸ்நேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று டேப்பால் அளக்கச் சொல். தூரம் மாறினால் ஸ்நேர் ஒரு பக்கம் ஒதுங்கும், உடம்பும் மெலியும். ஸ்நேருக்கு மேலும் கீழும் மைக் வைத்தால் கீழே உள்ளதன் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் திசையை, திருப்ப வேண்டும், இல்லையென்றால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டு, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூன் பார்க்க வேண்டும். ஆம்ப் மைக்கோடு டிஐ (கிட்டாரை நேரடியாக இணைக்கிற பெட்டி) வழியாக நேரடி சிக்னலையும் எடுத்து வைத்தால் பிறகு வேறு ஆம்ப்பில் ஓட்டிக்கொள்ளலாம்.

குரலுக்கு எட்டு நாள், பாட்டுக்கு ஒரு நாள். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பாடாதே. மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில், இடையில் மூச்சு மைக்கில் அடிக்காமல் தடுக்கிற பாப் ஃபில்டர். உன்னைப்போல் சத்தமாகப் பாடுகிறவருக்கு விலை கூடிய கண்டென்ஸர் மைக்கைவிட எஸ்எம்7பி மாதிரி டைனமிக் மைக் பல நேரம் நன்றாக அமையும். உச்சத்திலும் மீட்டர் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்ட வேண்டாம், 24 பிட்டில் அதற்குமேல் ஏற்றி ஒரு லாபமும் இல்லை. ஹெட்ஃபோனில் பின்னணி சத்தமாக இருந்தால் சுருதி நழுவும், ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடு. முழுப் பாட்டாக ஐந்து டேக் எடுத்து அதிலிருந்து தொகுக்கச் சொல். வரி வரியாகப் பாடினால் மூச்சின் ஓட்டம் அறுந்துபோகும்.

அந்த எட்டு நாளும் உன் சர்ச் கொயர் மாஸ்டரைப் பக்கத்தில் உட்கார வை. இந்த விவாதத்தில் ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்லவில்லை. உன் குரல் எந்தச் சுரத்தில் நெஞ்சிலிருந்து தலைக்கு மாறுகிறது என்பது உன் மூக்குக்குக் கீழே மீசை வருமுன்னே அவருக்குத் தெரியும். பின்குரல்களை மூன்று அடுக்காக எழுதவும் அவரைவிட்டால் ஆள் இல்லை. அவருக்கும் சம்பளம் கொடு, உறையில் பெயரும் போடு.

காகித வேலையைத் தள்ளிப்போடாதே. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அதை முன்னெடுத்துப் பொறுப்பேற்றுச் செய்தவருக்குப் போகும். அது நீதான் என்பதை ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடு. எழுதாமல் விட்டால் நாளைக்கு ஸ்டூடியோவும் உரிமை கேட்கும். பணத்தை மூன்றாகப் பிரி: தொடங்கும்போது ஒன்று, ரெக்கார்டிங் முடிந்ததும் ஒன்று, ஃபைல்கள் கைக்கு வந்ததும் ஒன்று. ஃபைல்கள் என்றால் இறுதி மிக்ஸ் மட்டும் இல்லை. ஒவ்வொரு டிராக்கும் தனித்தனி வேவ் ஃபைலாக, எல்லாம் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே, எஃபெக்ட் இல்லாத குரலும் சேர்த்து, இரண்டு ஹார்ட் டிஸ்கில். மிக்ஸ் திருத்தம் இரண்டு சுற்று என்பதையும் எழுது. வரியும் மெட்டும் உன்னுடையவை என்பதால் வெளியிடுவதற்கு முன்பே ஐபிஆர்எஸ்ஸில் (பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர்களின் ராயல்டியை வசூலிக்கிற சங்கம்) உறுப்பினராகிவிடு.

காலத்தையும் பார்த்துக்கொள். மிதுனம், கர்க்கடகத்தில் (ஆனி, ஆடியில்) தகரக் கூரையில் விழுகிற மழை உன் மைக்கில் ஏறும். ஓணத்துக்குக் கானமேளா, டிசம்பரில் கேரல், தை பிறந்தால் சித்திரை வரைக்கும் திருவிழா மேடை. நடுவில் கிடைப்பது அக்டோபரும் நவம்பர் பாதியும்தான். அப்போது இடி பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வரும், அதனால் குரலைக் காலை பத்தரைக்குத் தொடங்கி ஒன்றரைக்குள் முடித்துவிடு. அந்த ஆறு வாரத்தில் மேடை ஒப்புக்கொள்ளாதே, முன்பணம் வாங்கியிருந்தால் இப்போதே திருப்பிக் கொடு. டெமோவுக்கு இரண்டு பேரையும் ஓணத்துக்கு முன்பே பேசி வை.

அன்புடன்,
களியக்காவிளையிலிருந்து ஓர் அண்ணன்