அண்ணனின் இருமலும் உன் பழைய எக்ஸ்ரேயும்

சேரன்மகாதேவி,
23 மார்ச் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தைப்பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது என் தவறுதான். வீட்டில் அனைவரும் நலம் என்று மனமறிந்து எழுத முடியாத நாட்களாக அவை இருந்தன. தங்கச்சியின் முழங்கால் வலி குறைந்ததா? பேரன் பேசத் தொடங்கிவிட்டானா? மூக்குப்பொடி வாத்தியார் வீட்டுச் செய்தியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இந்தக் கடிதம் பெரியண்ணனைப் பற்றியது. படித்து முடிக்கும்போது உன்னைப் பற்றியதும்தான் என்பது உனக்குப் புரியும்.

சென்ற ஆடியில் அண்ணனுக்கு இருமல் தொடங்கியது. புரட்டாசியில் ஒருநாள் காலை பல் துலக்கும்போது சளியோடு இரத்தம் வந்தது. 2002இல் அவருக்குக் காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானது உனக்குத் தெரியும். அதே நோய்தான் திரும்பிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் முடிவு செய்தோம்; நாங்கள் அழைத்துச் சென்ற மருத்துவரும் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு அதையே சொன்னார். சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்காமலே நான்கு மாதம் காசநோய் மாத்திரைகளை விழுங்கினார். எடை எட்டுக் கிலோ குறைந்தது, இரத்தம் நிற்கவில்லை. மதினி தனித் தட்டும் தனி டம்ளரும் எடுத்து வைத்தார்கள். பேத்தியைத் தென்காசிக்கு, அவள் அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யாரிடமும் பேசாமல் அண்ணன் திண்ணையில் சுருண்டு கிடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது, ஏனென்றால் அந்த விலக்கிவைப்புக்கு ஒரு தேவையும் இருந்திருக்கவில்லை.

தை பிறந்ததும் திருநெல்வேலியில் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் சளியை இரண்டு முறை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்; இரண்டிலும் காசநோய்க் கிருமி இல்லை. பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல்பகுதியில், பழைய காசநோய் விட்டுச்சென்ற குழிக்குள், எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டை இருந்தது. அதன் மேல் விளிம்பில் பிறை வடிவில் காற்று தெரிந்தது. குப்புறப் படுக்கவைத்து மறுபடி எடுத்தபோது உருண்டை இடம் மாறியிருந்தது. அது கட்டி அன்று, பூஞ்சை என்றார் மருத்துவர். அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்த சோதனையும் அதையே உறுதி செய்தது.

அந்தப் பூஞ்சையின் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ். 1729இல் மிக்கேலி என்ற இத்தாலியர் அதை உருப்பெருக்கியில் பார்த்தபோது, தேவாலயத்தில் குருவானவர் தீர்த்தம் தெளிக்கும் கருவியைப் போலத் தலை தெரிந்ததால் அந்தக் கருவியின் லத்தீன் பெயரையே வைத்தாராம். பாளையங்கோட்டையில் குருத்து ஞாயிறன்று நம் இருவர் மீதும் அந்தத் தீர்த்தம் பட்டதும், நீ சட்டையைத் துடைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறதா? இந்தப் பூஞ்சை எங்கிருந்தோ வந்த விருந்தாளி அன்று. எருக்குழியிலும், மக்கிய இலையிலும், ஈரச் சுவரிலும், நாம் ஏறிக் குதித்த வைக்கோல் படப்பிலும் அது எப்போதும் இருந்திருக்கிறது. நனைந்த படப்பின் நடுவில் கையைவிட்டால் சுடுமே, அந்தச் சூட்டில் பல பூஞ்சைகள் மடிந்துபோக, இந்த இனத்தில் மனிதருக்கு மிகுதியாக நோய் தருவதான ஃபியூமிகேட்டஸ் ஐம்பது டிகிரியிலும் தழைக்கும். நம் உடம்பின் 37 டிகிரி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இதன் வித்து ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு கூறாக்கினால் கிடைக்கும் கூறு அளவே இருப்பதால் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் அதை மூச்சோடு இழுக்கிறோம். நல்ல நுரையீரல் வந்த உடனே அதை அழித்துவிடுகிறது. காசநோய் விட்டுச்சென்ற குழியிலோ அந்தக் காவல் இல்லை. 1968இல் பிரிட்டனில் இப்படிக் குழி எஞ்சிய 544 பேரைச் சோதித்தபோது, ஏறத்தாழக் கால்வாசிப் பேரின் இரத்தத்தில் இந்தப் பூஞ்சைக்கு எதிர்ப்பொருள் இருந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த செய்தி, மாப்பிள்ளை, நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துசேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த படப்பை, தண்ணீர் வடிந்தபின் அண்ணன் முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் பிரித்துப் போட்டார். சாம்பல் போலப் புகைந்ததை நானும் நின்று பார்த்தேன். அதனால்தான் வந்ததா என்று மருத்துவரிடம் இரண்டு முறை கேட்டேன். எந்த நாளில் எந்த வித்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது என்று அவர் அழுத்திச் சொன்னபோது, மதினி அங்கேயே அழுதுவிட்டார்கள். மறுநாளே பேத்தியைத் திரும்ப அழைத்துவந்தோம்.

மாசியில் ஒருநாள் இரத்தம் மிகுதியாக வந்தபோது, தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசிந்த இரத்தக்குழாயை அடைத்தார்கள். அறுவைச் சிகிச்சையைத் தாங்கும் நுரையீரல் அவருக்கு இல்லை. இப்போது பூஞ்சைக்கான இட்ராகொனசோல் என்ற மருந்தைச் சாப்பிடுகிறார். நான் மிகவும் வருந்துவது இதற்குத்தான்: காசநோய் மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின், இந்த மருந்தைக் கல்லீரல் வெகு விரைவில் சிதைத்துவிடும்படி செய்கிறது, அதை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு இருக்கும். வேண்டாத மருந்து, வேண்டிய மருந்தின் வழியையும் அடைத்து நின்றது. எத்தனை மாதம் சாப்பிட வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே 164 பேரிடம் ஆய்வு செய்து 2022இல் வெளியிட்டிருக்கிறார்கள்: ஆறு மாதம் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு நோய் திரும்பியிருக்கிறது, பன்னிரண்டு மாதம் சாப்பிட்டவர்களில் 10 பேருக்குத்தான். ஆகவே அண்ணனுக்கு ஓராண்டு. இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. நெல்லில் குலைநோய்க்கும் இலையுறை நோய்க்கும் நாம் அடிக்கும் புரோபிகோனசோல், டெபுகோனசோல் எல்லாம் இதே குடும்பத்து மருந்துகள். வயலில் அவற்றுக்குப் பழகிய பூஞ்சை மனிதருக்குத் தரும் மருந்துக்கும் அசைந்து கொடுப்பதில்லை. அப்படிப்பட்டவை நம் நாட்டு மண்ணிலும் கண்டறியப்பட்டுள்ளன. இந்தப் பிசான நெற்பருவத்தில் நோய் தென்படாமலே ஒரு முறை அடிக்கலாம் என்று பக்கத்து வயல்காரர் சொன்னபோது நான் மறுத்துவிட்டேன்.

இனி உன் விஷயம். 1981இல் உன்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து நாள்தோறும் ஊசிக்கு அழைத்துப் போனவன் நான். உன் இடப்பக்க நுரையீரலில் ஒரு குழி ஆறாமல் நின்றுவிட்டது என்று அப்போதே சொன்னார்கள். தைக் கடிதத்தின் கடைசியில், மார்கழியில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை, உடம்பும் இளைத்திருக்கிறது என்று இரண்டே வரியில் எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு வரியை நான் பத்து முறை படித்துவிட்டேன். பனி என்றும் வயது என்றும் சொல்லிக்கொண்டு இராதே. நுரையீரல் மருத்துவரிடம் போய்ப் பழைய கதையைச் சொல். சளியில் காசநோய்க் கிருமியைப் பார்க்கட்டும், கூடவே சி.டி. ஸ்கேனும் ஆஸ்பெர்ஜில்லஸ் எதிர்ப்பொருள் சோதனையும் வேண்டும் என்று நீயே கேள். கேட்டால்தான் எழுதுகிறார்கள். கொழுப்புக்குச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப்போ, சிலவற்றை இந்த மருந்தோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது.

உன் பழைய எக்ஸ்ரே தங்கச்சியின் பீரோ மேல் சுருட்டி வைத்திருக்கும். புதுப் படத்தோடு ஒப்பிட அது தேவைப்படும். அங்கே உன்னோடு வர ஆள் இல்லையென்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி வந்துவிடு, அண்ணனைப் பார்க்கும் மருத்துவரிடமே காட்டலாம். காலையில் ஜங்ஷனுக்கு நான் வருகிறேன். சோதனை முடிவு வந்ததும் தொலைபேசியில் சொல், கடிதம் எழுதிக்கொண்டு இராதே.

உன் அன்பு மச்சான்