கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்தும் கடலுக்குப் போகாதவர்களுக்கு

அன்புள்ள அண்டை வீட்டாரே,

நடந்து போகும் தூரத்தில் கடல் இருந்தும் மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போகாத உங்களுக்குத்தான் இந்த மடல். வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். அவர்கள் ஊர் திரும்பியதும் நாமும் கடலை மறந்துவிடுகிறோம். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆறு வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். அலைச் சத்தம் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டிருந்தது; காதில் விழும், ஆனால் கேட்காது.

ஒரு நாள் வீட்டுக்குள் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. வேலை சம்பந்தமான அழைப்பு, தள்ளிப்போட முடியாதது. பேசுவதற்காகக் கரைக்குப் போய் நின்றேன். மனசுக்குக் கஷ்டமான பேச்சு அது. பேசிக்கொண்டே குனிந்து பார்த்தால், காலடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு குழியிலிருந்து மணல் நிறத்தில் ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. அணைத்துக் கொண்டுவந்த மணலை வாசலில் வீசிவிட்டு, காம்பு மேல் நிற்கும் கண்கள் இரண்டையும் நிமிர்த்தி என்னைப் பார்த்தது, உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மணலோடு வந்தது. அழைப்பு முடிந்தபோது எதிர்முனையில் சொன்னதில் பாதி எனக்கு நினைவில் இல்லை. ஆனால் நண்டு மணலைக் கொட்டியது 17 முறை என்று தெரிந்திருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் செல்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அன்றிலிருந்து முடிந்த நாளெல்லாம் போகிறேன்.

"கடல் எப்பவும் அதே கடல்தானே, தினமும் போய்ப் பார்க்க என்ன இருக்கு?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று வழியில் நின்று சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதைத்தான் இப்போது முழுதாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், அது அதே கடல் இல்லை. ஏற்றவற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஓதம் என்று நம் பழைய தமிழ் சொன்னதும் இதைத்தான். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்குகிறது. ஆனால் அது நம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதில்லை, நிலாவுக்குக் கட்டுப்பட்டது. பூமி ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் நிலா கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வருகிறது. இதன் அர்த்தம் என்ன? நீங்கள் தினமும் காலை ஆறு மணிக்கே போனாலும் நேற்று பார்த்த கரையை இன்று பார்க்க முடியாது. இன்று ஆறு மணிக்கு நீர் உச்சத்தில் இருந்தால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதே ஆறு மணிக்கு நீர் வற்றி, அதுவரை மூழ்கிக் கிடந்த மணலும் பாறையும் வெளியே கிடக்கும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. அரை நிலா நாட்களில் கடல் அடக்கமாக இருக்கும். இது தெரிந்த பிறகு நிலாவைப் பார்க்கும்போதெல்லாம் நாளைக்குக் கரை எப்படி இருக்கும் என்று மனசு கணக்குப் போடுகிறது. வீட்டு மொட்டை மாடியில் நின்றாலும் கடலோடு ஒரு தொடர்பு இருக்கிறது.

அடுத்து அலை. அலையில் தண்ணீர் பயணம் செய்வதில்லை. நடுக்கடலில் மிதக்கும் ஒரு தக்கையைப் பாருங்கள். அலை கடந்துபோகும், தக்கை ஒரு வட்டம் போட்டுவிட்டு ஏறத்தாழ இருந்த இடத்துக்கே வந்துவிடும். பயணம் செய்வது காற்று கொடுத்த ஆற்றல்தான். 1963-ல் வால்டர் மங்க் என்ற கடலியலாளரும் அவருடைய குழுவினரும் பசிபிக் பெருங்கடலின் குறுக்கே வரிசையாகக் கருவிகள் வைத்து, தென்கோடிக் கடலின் புயல்களில் பிறந்த அலைகள் வடக்கே அலாஸ்கா வரை போய்ச் சேர்வதைப் பின்தொடர்ந்தார்கள். 10,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். காற்றே இல்லாத ஒரு காலையில் நம் கரையில் நீளமான, நிதானமான அலைகள் வந்து விழுந்தால், நாம் பார்க்காத ஏதோ ஒரு புயல் நம்மிடம் வந்து அடங்குகிறது என்று அர்த்தம். இதை நினைத்துக்கொண்டு ஒரு அலை கணுக்காலில் படும்வரை நின்று பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது.

சரி, பெரிய விஷயங்களை விடுங்கள். எனக்குச் சந்தோஷம் தருவதில் பெரும்பகுதி காலடியில்தான் கிடக்கிறது. வெப்பமான கரைகள் பலவற்றில் நீர் இறங்கியதும் ஈர மணல் முழுக்க மிளகளவு உருண்டைகள் கோலம் போட்ட மாதிரி பரவியிருக்கும். நடுவில் ஒரு குழி, அதிலிருந்து கதிர்கள் மாதிரி வரிசை வரிசையாக உருண்டைகள். விரல் நகமளவு நண்டுகளின் வேலை அது. மணலை வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் உணவை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை உருட்டி வைத்துவிடுகின்றன. ஒவ்வொரு உருண்டையும் ஒரு கவளம் சாப்பிட்ட மிச்சம். அடுத்த ஏற்றத்தில் எல்லாம் அழிந்துவிடும். அதற்குள் பார்த்தவர்களுக்குத்தான் அது.

சிப்பி ஓடு பொறுக்கும்போது சிலவற்றில் துரப்பணம் போட்டது மாதிரி வட்டமான ஒரு துளை இருக்கும். மாலை கோக்க வசதி என்று சின்ன வயதில் தேடித் தேடி எடுத்திருப்போம். அது ஒரு வகைக் கடல் நத்தை சிப்பியின் ஓட்டை இளக்கிச் சுரண்டிச் சுரண்டிப் போட்ட துளை. உள்ளே இருந்த சிப்பியை அது அந்த வழியாகத் தின்றிருக்கிறது. துளையின் வெளிவாய் அகலமாகவும் உள்வாய் குறுகலாகவும் இருந்தால் அநேகமாக நத்தைதான். தெரியாத வயதில் அது வெறும் துளை. இப்போது கையில் எடுத்தால் ஒரு முழுக் கதை.

இவ்வளவு விவரம் எதற்கு என்று தோன்றலாம். நன்றியைப் பற்றி நான் கண்டுகொண்டது இதுதான்: எதற்கு என்று தெரியாமல் நன்றி சொல்ல எனக்கு வரவில்லை. "இயற்கைக்கு நன்றி" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், வாயில்தான் இருந்தது. ஆனால் நம் மூச்சில் போகும் காற்றைப் பற்றி யோசியுங்கள். பூமியில் தாவரங்களும் பாசிகளும் வெளிவிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதி கடலின் மிதவை உயிர்களிலிருந்து வருகிறது. கண்ணுக்கே தெரியாத அளவில் வெயிலில் மிதக்கும் உயிர்கள். அதை அறிந்து கரையில் நின்று மூச்சை இழுத்தபோது, யாரும் சொல்லாமலே நன்றி வந்தது.

2020-ல் வெளியான ஓர் ஆய்வில், வயதானவர்களை 8 வாரம், வாரம் ஒரு முறை 15 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும், வியப்பூட்டுவதைத் தேடிக்கொண்டே நடங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நடையின்போது எடுத்துக்கொண்ட தற்படங்களை ஒப்பிட்டபோது, அந்தப் பிரிவினர் வாரம் செல்லச் செல்லப் படத்தில் தங்களைச் சிறிதாக்கிச் சுற்றுப்புறத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். அவர்களுடைய சிரிப்போ பெரிதாகியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு அந்த நண்டு நினைவுக்கு வந்தது. அன்று என் பிரச்சினை தீரவில்லை. ஆனால் நண்டு மணல் கொட்டுவதை எண்ணிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, உலகத்தில் என் பிரச்சினை மட்டும் இருக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கடல் யாரையாவது கொண்டுபோன வீடுகளும் நம் நடுவில் இருக்கின்றன. கடலுக்கு நன்றி சொல்லுங்கள் என்று அவர்களிடம் நான் கேட்கமாட்டேன். அவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மடல் அவர்களுக்கு அல்ல.

முழங்கால் வலியால் மணலில் நடக்க முடியாதவர்களுக்கு வேறு ஒன்று சொல்கிறேன். பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் ஆறிவிடுவதால் காற்று திசை மாறிக் கடலுக்குப் போகிறது. பெரிய காற்று எதுவும் குறுக்கிடாத நாளில், மத்தியானம் ஜன்னல் திரைச்சீலை உள்ளே உப்புவதையும் இரவில் அது வெளிப்பக்கம் சாய்வதையும் நாற்காலியில் இருந்தே பார்க்கலாம். அதுவும் கடலைப் பார்ப்பதுதான்.

வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். அழகான சங்கு கண்ணில் பட்டால் திருப்பிப் பாருங்கள், காதில் வைத்துக் கேளுங்கள், அப்புறம் கீழே வைத்துவிடுங்கள். துறவி நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது. வளர வளர அதற்குப் பெரிய காலிச் சங்கு வேண்டும். பெரிய சங்கு ஒன்று கிடைத்தால் சில இனங்களில் நண்டுகள் பெரிதும் சிறிதுமாக வரிசைகட்டி நிற்கும். முதல் நண்டு புது வீட்டுக்குள் நுழைந்ததும், அது விட்ட ஓட்டுக்குள் இரண்டாவது, இரண்டாவது விட்டதற்குள் மூன்றாவது என்று கணநேரத்தில் எல்லாம் வீடு மாறிவிடும். நம் அலமாரியில் தூசி படியும் ஒரு சங்கு, அங்கே இருந்தால் அந்த வரிசைக்கே வழி விட்டிருக்கும்.

நல்ல சூரிய உதயம் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். மேகம் மூடிய நாளிலும், அலை கலங்கிச் சேற்று நிறத்தில் இருக்கும் நாளிலும் வாருங்கள். பத்து நிமிடம் போதும். ஒரே ஒரு பொருளை மட்டும் பாருங்கள்.

இன்று காலை 6.20-க்கு நீர் நன்றாக வற்றியிருந்தது. நாளைக்கு அது ஏழு மணி தாண்டி ஆகிவிடும். நான் அந்த நேரத்துக்கு ஈர மணல் தொடங்கும் இடத்தில் இருப்பேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வாருங்கள். அதிர்ந்தால் நண்டுகள் உள்ளே போய்விடும்.

அன்புடன்,
உங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஒருவர்