உடைந்த விளிம்பும் மறைத்த விளிம்பும்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். விளிம்பு உடைந்த பழைய பூச்சாடி ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்குச் சென்ற மாதம்தான் வந்தது. அதுவும் காசு கொடுத்து வாங்கிய தகுதி.

ஆங்கிலேயப் பீங்கான் வடிவமைப்பாளர் கிளாரிஸ் கிளிஃபின் ‘குரோக்கஸ்’ பூக்கள் தீட்டிய ஜாம் குடுவை ஒன்று என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷையரில் 1928இல் தொடங்கிய வேலைப்பாடு அது. ஒவ்வோர் இதழும் கீழிருந்து மேலாகத் தூரிகையின் ஒரே இழுப்பு. பூக்கள் முடிந்ததும் குடுவையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அவற்றினூடே மெல்லிய பச்சைக் கோடுகளை இழுத்தால் இலைகள் ஆகிவிடும். மேலே வெயிலுக்கு மஞ்சள் பட்டை, கீழே மண்ணுக்குப் பழுப்புப் பட்டை. நானும் குடுவையைக் கவிழ்த்து, லென்ஸின் வழியே ஒரு கோட்டைத் தொடர்ந்து பார்த்தேன். தூரிகை பதிந்த இடத்தில் சாயம் தடித்து, விலகிய இடத்தில் மயிரிழையாய்த் தேய்ந்திருந்தது. அச்சடித்து ஒட்டிய படமாக இருந்தால் அங்கே சீரான புள்ளிகளே தெரிந்திருக்கும்.

அடியில் கிளிஃபின் பெயர் பொறித்திருந்தாலும், தீட்டியவர் அவரிடம் பணிபுரிந்த இளம்பெண்களுள் ஒருவராகவே இருப்பார். (அந்தப் பெண்ணின் பெயரை அறிய எனக்கு வழியில்லை என்பதில் சற்று வருத்தமே.) 1927இல் கிளிஃப் முதன்முதலாகப் பளீர் வண்ணங்களில் முக்கோணங்களைத் தீட்டச் செய்ததுகூட, கிடங்கில் விலைபோகாமல் கிடந்த குறையுள்ள வெள்ளைப் பாண்டங்களின் மீதுதான். ஆகவே குறை என்று முகம் சுளிக்க நமக்கு நியாயமில்லை.

என் மனத்தாங்கல் வேறு. ‘பழுதே இல்லை’ என்று விற்றவர் உறுதி சொன்ன இந்தக் குடுவையின் மஞ்சள் பட்டையில், விரல் நகத்துக்கு ஓரிடம் மட்டும் வழவழப்புக் குறைந்து மெத்தென்று பட்டது. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டியபோது அந்த இடம் மட்டும் திட்டாக வேறு நிறத்தில் ஒளிர்ந்தது. உடைந்த விளிம்பைப் பசையால் நிரப்பி, மேலே புதுச் சாயம் பூசியிருக்கிறார்கள். உடைந்தபடியே கொடுத்திருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன்.

எனவே உங்கள் சாடியில் ஓவியம் முழுதாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். நீரில் ஊற வைக்க மட்டும் வேண்டாம். மெருகின் மேல் தீட்டி இரண்டாம் முறை சூளையில் சுட்ட எனாமல் சாயம் உரிந்துவிடக்கூடும், மெருகில் விரிசல் வலை இருந்தால் அழுக்கு நீரும் உள்ளே இறங்கிவிடும். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாமென்பதால், என் குடுவையும் ஜாம் காணாமல்தான் அலமாரியில் அமர்ந்திருக்கிறது, பழுது பார்த்த பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டியபடி.

வாங்கியதும் சாடியின் அடிப்பாகத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்