‘பத்தவில்லை’ என்ற சொல்

கோத்தகிரி,
தை 27

அன்புள்ள தோழிக்கு,

இங்கு அனைவரும் நலம். பேரன் நிறைமாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் எடையோடு பிறந்திருக்கிறான் என்று படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கம் என்னை இரண்டு நாள்களாக விடவில்லை. பிரசவமாகிப் பன்னிரண்டு நாள்கூட ஆகவில்லை, மருமகள் ‘எனக்குப் பால் பத்தவில்லை’ என்று அழுகிறாள், டப்பாப் பால் தொடங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் இதே சொல் என் வீட்டில் என்ன செய்தது என்பதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் முப்பது ஆண்டுகள் ஏறி இறங்கிய கிராம சுகாதாரச் செவிலியர் நான். எத்தனையோ தாய்மார்களுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன். அப்படியிருந்தும் என் மகளுக்கு மூத்தவன் பிறந்து, மாலை வேளைகளில் விடாமல் அழுதபோது, ‘பால் பத்தவில்லையோ’ என்று முதலில் கேட்டவள் நான்தான். மாலையில் பிள்ளைகள் அடிக்கடி மார்பைத் தேடுவது இயல்பு என்பதை நான் அறியாதவள் அல்ல. பாட்டியான பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. பூண்டும் வெந்தயக் கஞ்சியும் சுறாப் புட்டும் சமைத்துப் போட்டோம், ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை. புட்டி வீட்டுக்குள் வந்தது. பிள்ளை மார்பில் சப்புவது குறையக் குறையப் பால் சுரப்பதும் குறைந்து, நாங்கள் பயந்ததே நடந்தது. நான்காம் மாதத்தில் தாய்ப்பால் நின்றுபோனது. எல்லாம் சரியாக அமைந்த நிறைமாதப் பிள்ளைக்குத்தான் இப்படி ஆயிற்று.

இளையவள் ஐப்பசி மழையில், முப்பத்து மூன்றாவது வாரத்திலேயே, 1,650 கிராம் எடையோடு பிறந்தாள். உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சு விடுவதையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறன் 32 முதல் 34 வாரங்களில்தான் பிள்ளைக்கு மெல்லக் கைகூடும். அதனால் ஊட்டியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்குக் குழாயோடு கிடந்த குழந்தையை மகள் வெளியே நின்று பார்க்கத்தான் முடிந்தது. அன்றிரவு அங்கிருந்த செவிலியர் ஒருவர் அவள் அருகில் உட்கார்ந்து, கையால் பால் பீய்ச்சக் கற்றுக்கொடுத்தார். கரண்டியின் அடி நனைந்தது, அவ்வளவுதான். ‘இது சீம்பால், இவளுக்கு இப்போது இது மருந்து’ என்று சொல்லி, அந்தச் சில சொட்டுகளையும் சிந்தாமல் ஊசிக்குழாயில் உறிஞ்சி எடுத்துப் போனார். மகள் தன் பழைய பள்ளி நோட்டுப் புத்தகத்தில் ‘இரவு 11, ஒரு மில்லி’ என்று எழுதி வைத்தாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, விடியற்காலை இரண்டு மணிக்கும் எழுந்து பீய்ச்சினாள். ஐந்தாம் நாள் அதே பக்கத்தில் ‘இருபது’ என்று எழுதினாள். அந்த எண்ணை எனக்குக் காட்டிய முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

பிறகு குழந்தையை வெறும் மார்பில் கிடத்தி, மேலே கம்பளியைச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் இன்குபேட்டர் போதாத நிலையில் தொடங்கிய இந்தக் கங்காரு பராமரிப்பை, குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. ஊட்டிக் குளிரில் அந்தப் பிள்ளைக்குத் தாயின் உடம்பைவிட நல்ல அடுப்பு வேறு எது? குழாய் எடுத்த பின் பாலாடை என்கிற மூக்கு வைத்த சிறு கிண்ணத்தில் புகட்டினோம். அதன் மூக்கு நுனியை உதட்டில் வைத்தால் நாக்கை நீட்டி நீட்டிக் குடிப்பாள். எடை நாளொன்றுக்கு இருபத்தைந்து, முப்பது கிராம் என ஏறியது. இப்போது மார்பில் மட்டுமே குடிக்கிறாள்.

தன்னால் பால் கொடுக்க முடியும் என்ற தாயின் நம்பிக்கையை அளப்பதற்கே கனடாவைச் சேர்ந்த சிண்டி-லீ டென்னிஸ் என்ற செவிலிய ஆய்வாளர் 1999-இல் ஒரு வினாத்தாள் உருவாக்கினார். 2003-இல் அதைப் பதினான்கு கேள்விகளாகச் சுருக்கினார். தன்னால் முடியும் என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் சொன்னதுதான் அதற்கு அடிப்படை: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, அருகில் இருப்பவரின் ஊக்கம், உடம்பும் மனமும் இருக்கும் நிலை. முன்பு பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது வெறும் பாடமாகத்தான் தோன்றியது. இளையவளின் தாய்க்கு இவை நான்கையும் அந்த வார்டு கொடுத்தது: நோட்டில் ஏறிய எண், பக்கத்துக் கட்டிலில் பாலாடையோடு உட்கார்ந்திருந்த இன்னொரு தாய், செவிலியரின் சொல், மார்பின் மேல் உறங்கிய பிள்ளையின் சூடு. மூத்தவனைப் பெற்றபோது ‘இதெல்லாம் தானாக வந்துவிடும்’ என்று அவளைத் தனியே விட்டிருந்தோம். உன் மருமகளும் அப்படித்தான் தனியாக இருக்கிறாளோ என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே அவளுக்கும் கண்ணால் பார்க்க ஏதாவது கொடு. நாளொன்றுக்கு ஆறு துணியாவது நன்றாக நனைகிறதா என்று அவளையே எண்ணச் சொல். பிறந்ததும் பிள்ளையின் எடை சிறிது இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்புவதுதான் வழக்கம்; எனவே இந்த வாரமே ஒருமுறை எடை பார்த்து வாருங்கள். எடை ஏறாமலிருந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே வேறு பால் தேவை என்று சொன்னால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். மற்றபடி பகலும் இரவுமாக எட்டிலிருந்து பன்னிரண்டு முறை கொடுக்கட்டும், குறிப்பாக இரவுப் பாலை நிறுத்த வேண்டாம். பதற்றத்தில் பால் இறங்கத் தாமதமாகும், ஆகையால் வருகிறவர்கள் அவள் முன் நின்று ‘பிள்ளை இளைத்திருக்கிறானே’ என்று சொல்லாதபடி நீ பார்த்துக்கொள். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு என் மகள் உன் மருமகளை வீடியோவில் அழைப்பாள். அது இளையவள் பால் குடிக்கும் நேரம். அந்த நோட்டையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழி