மேடே சொன்ன விமானிகளைத் திட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 ஜூன் 19 அன்று கவுகாத்தியிலிருந்து வந்த விமானம் சென்னையில் இறங்க முடியாமல், எரிபொருள் குறைந்துபோய், 'மேடே' (ஆபத்தில் இருக்கிறோம் என்று விமானி சொல்லும் அவசர அழைப்பு) சொல்லிவிட்டு பெங்களூருவில் இறங்கியது. 168 பயணிகளும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். விமானிகள் இருவரும் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள் என்று அடுத்து செய்தி வந்தது. உடனே எங்கள் பொழிச்சலூர் டீக்கடையில்கூட, "எவ்வளவு பெட்ரோல் இருக்குன்னு பார்க்காமலா கிளம்புவான்?" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் சிலர் விமானங்களுக்குத் தரையிலிருந்து வழி சொல்லும் சென்னை ஏடிசி கன்ட்ரோலர்களைத் திட்டினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

விசாரணை தாராளமாக நடக்கட்டும். ஆனால் மேடே சொன்னால் வேலைக்கு ஆபத்து என்று ஒரு விமானி மனதில் பதிந்துவிட்டால் அவர் அதைச் சொல்லத் தயங்குவார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1990 ஜனவரி 25 இரவைப் பாருங்கள். கொலம்பியாவின் மெடலினிலிருந்து நியூயார்க் போன ஏவியன்கா 52, போயிங் 707, மோசமான வானிலையால் மூன்று இடங்களில் மொத்தம் 77 நிமிடம் வானத்திலேயே சுற்ற வைக்கப்பட்டது. மாற்று நிலையமான பாஸ்டனுக்குப் போகவும் எரிபொருள் இல்லை என்ற நிலை வந்தபோது துணை விமானி அவசரநிலை என்று சொல்லவில்லை, கேட்டது 'முன்னுரிமை' மட்டும்தான், அதுவும் "வேண்டும் என்று நினைக்கிறேன்" என்கிற தோரணையில். இன்னும் ஐந்து நிமிடம்தான் தாங்கும் என்றும் சொன்னார். அதைக் கேட்ட கன்ட்ரோலர்களிடமிருந்து அடுத்த பிரிவுக்கு ஐந்து நிமிட விவரம் மட்டும்தான் போனது, முன்னுரிமை கேட்டதும் பாஸ்டனுக்குப் போக முடியாது என்பதும் போய்ச் சேரவே இல்லை. ஆக, கோளாறு இரண்டு பக்கமும்தான்.

முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலே ஏறிய பிறகு, அவசரநிலை என்று சொல் என்கிறார் கேப்டன். துணை விமானியோ எந்தத் திசையில் திரும்புகிறோம் என்று சொல்லிவிட்டு, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதை வாக்கியத்தின் வாலில் ஒட்டிவிடுகிறார். "சொல்லிட்டியா?" என்று கேப்டன் கேட்டதற்கு, சொல்லிட்டேன் சார் என்று பதில். கன்ட்ரோலர் 15 மைல் தள்ளிக் கொண்டுபோய்த் திருப்புகிறேன், எரிபொருளுக்குச் சரிவருமா என்று கேட்கிறார். சரியாகத்தான் இருக்கும், ரொம்ப நன்றி என்கிறார் துணை விமானி. அப்போது விமானி அறையில் கூட இருந்த விமானப் பொறியாளர் சொன்னது கருப்புப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது: அந்த ஆள் கோபமாக இருக்கிறான். கொஞ்ச நேரத்தில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்து, லாங் ஐலண்டில் விழுந்து 73 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை, எரிய எரிபொருளே இல்லையே. கன்ட்ரோலர் கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2016 நவம்பரில் அதே மெடலின் அருகே பிரேசில் கால்பந்து அணியோடு விழுந்த விமானத்திலும் விமானி முதலில் கேட்டது முன்னுரிமைதான். 71 பேர் போய்விட்டார்கள். கையிருப்பு எரிபொருள் இல்லாமலே கிளம்பிய விமானம் அது, ஆனாலும் அன்று பணியில் இருந்த பெண் கன்ட்ரோலருக்குக் கொலை மிரட்டல் வந்தது. எரிபொருள் கசிவு சந்தேகத்தோடு இன்னொரு விமானம் அதே நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, அதையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியெல்லாம் நடக்கக் கூடாது என்றுதான் உலக விதி தெளிவாக இருக்கிறது. 'மினிமம் ஃபியூயல்' என்றால் இனி தாமதம் தாங்காது என்று முன்கூட்டியே எச்சரிப்பது, அவ்வளவுதான். கடைசிக் கையிருப்பான 30 நிமிட எரிபொருளில் கை வைக்காமல் இறங்க முடியாது என்று தெரிந்த நிமிடமே 'மேடே ஃபியூயல்' சொல்லியாக வேண்டும். டேங்க் காலியாகும்வரை காத்திருந்து சொல்வதல்ல அது. அந்த 168 பேர் வந்த விமானத்தின் கேப்டன் அதைச் சொன்னார், பெங்களூரு கன்ட்ரோலர்கள் வழிவிட்டார்கள், விமானம் இறங்கியது.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மழை நாளில் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தாழ வந்த விமானம் திடீரென்று உறுமி மறுபடி மேலே ஏறும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் இரண்டு பேர் வேலை போகுமோ என்று யோசிக்கக் கூடாது. அதனால் விமான நிறுவனங்கள், மேடே சொன்னதற்காக யாரையும் ஒதுக்கவில்லை என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் 'மயிரிழையில் தப்பினர்' என்று மட்டும் போடாமல், மினிமம் ஃபியூயல் என்றால் என்ன, மேடே என்றால் என்ன என்று பக்கத்தில் நான்கு வரி பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பொழிச்சலூர்