ஏற்காடு மலை மாணவர்கள் உயிருள்ள பவளத்தை நேரில் காண உதவக் கோரும் மனு

அனுப்புநர்:
விலங்கியல் ஆசிரியை,
அரசு மேல்நிலைப் பள்ளி,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

பொருள்: மன்னார் வளைகுடாவுக்கு 32 மாணவர்களை மூன்று நாள் களப்பயணமாக அழைத்துச் செல்லப் பேருந்து, தங்குமிடம், பரிந்துரைக் கடிதம் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஆய்வக அலமாரியில் உள்ளங்கை அளவில் வெள்ளைப் பவளத் துண்டு ஒன்று இருக்கிறது. நான் பணியில் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே யாரோ வைத்தது. ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது கல்தானே, டீச்சர்?” என்று கேட்கிறார்கள். அது ஓர் உயிரினம் விட்டுச் சென்ற எலும்புக்கூடு என்று சொல்கிறேன். உயிருள்ளதைக் காட்ட என்னிடம் வழியில்லை.

இரு உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் கூட்டுயிர் வாழ்வு பற்றிப் பாடம் நடத்திய மறுநாள், நாகலூர் மாணவி ஒருத்தி வீட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்து கல்பாசியை எடுத்து வந்தாள். குருமாவுக்குப் போடும் அந்தக் கல்பாசியின் இனந்தான் எங்கள் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரப்பட்டைகளிலும் படர்ந்திருக்கிறது. பூஞ்சை இடம் கொடுக்க, பாசி உணவு சமைக்க, இரண்டும் ஒரே உடலாக வாழ்கின்றன. “அப்படியானால் பவளமும் கல்பாசிதானே? கல்லும் இருக்கிறது, பாசியும் இருக்கிறது” என்றாள் அந்தப் பெண். பாடநூலில் இல்லாத, ஆனால் மிகச் சரியான கேள்வி. அதன் பிறகே இம்மனுவை எழுதத் துணிந்தேன்.

பவளம் கல்பாசி அல்ல, ஆனால் அங்கும் இதே போன்ற கூட்டு வாழ்வுதான். பவளப்பாறையைக் கட்டும் பாலிப் என்ற சிறு விலங்கின் செல்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலைக் கொண்டு அவை ஆக்கும் உணவில் பெரும்பங்கு விலங்குக்குப் போகிறது. பல பவள இனங்களின் ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரை அப்படியே கிடைக்கிறது. விலங்கின் கழிவு பாசிக்கு உரமாகிறது. பவளத்தின் நிறத்தில் பெரும்பகுதியும் பாசி கொடுத்ததே. கோடை உச்ச வெப்பத்துக்கும் மேலே கடல் நீர் 1 டிகிரி செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் நின்றாலே இந்த உறவு முறிந்து, பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துவிடுகிறது. வெளுத்தவுடன் அது சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் மீளவும் கூடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது பெருமளவில் நடந்தது.

பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதை எடுத்து வரவோ வாங்கி வரவோ கூடாது. அதுவே நியாயம். நாங்கள்தான் அங்கே போக வேண்டும். ஆனால் சேலத்துக்குக் கடல் இல்லை. இம்மாணவர்களில் பெரும்பாலோரின் பெற்றோர் காப்பித் தோட்டக் கூலிகள். சென்ற ஆண்டு ஒரு தனியார் வாகன உரிமையாளர் சொன்ன வாடகையைக் கேட்டதும், பெயர் கொடுத்திருந்த பிள்ளைகளே ஒவ்வொருவராக வந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். அன்று அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, பதினோராம் வகுப்பு மாணவர்கள் 32 பேரும் ஆசிரியர்கள் மூவரும் சனவரி இறுதியில் மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள மண்டபம் என்ற ஊருக்குச் சென்று வர ஓர் அரசுப் பேருந்தும், இரண்டு இரவுகள் தங்க இராமநாதபுரம் மாவட்ட அரசு விடுதி ஒன்றில் இடமும் பெற்றுத் தருமாறு வேண்டுகிறேன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் காட்சியகம் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்காவாக உள்ளது. அங்கே அனுமதியுள்ள இடங்களில் மாணவர்கள் படகிலிருந்து பவளத்தைப் பார்க்க, பூங்காவின் வன உயிரினக் காப்பாளருக்குத் தங்கள் கடிதம் ஒன்று இருந்தால் போதும்.

மே மாதக் கோடை விழாவில் அண்ணா பூங்காவில் சிறு அரங்கு ஒன்றும் ஒதுக்க வேண்டுகிறேன். மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுக்கும் காலமும் அதுவே. மலர்க் காட்சிக்கு வருவோருக்குக் கல்பாசிச் சீவலை நுண்ணோக்கியில் காட்டி, பவளத்தில் தாம் கண்டதை இம்மாணவர்களே விளக்குவார்கள்.

பெற்றோர் 32 பேரின் ஒப்புதல் கடிதங்களையும் தலைமையாசிரியரின் பரிந்துரையையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இடம்: ஏற்காடு

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விலங்கியல் ஆசிரியை